உலகின் மிகப் பெரிய அங்காடி நின்ற சிற்றூர்



பாழடைந்த கோட்டைகளையும் சிதைந்த அரண்மனைகளையும் காண்பதற்காக மக்கள் கடல் கடந்து செல்கின்றனர். பூமியில் சுற்றி வந்து, முன்சென்றோரின் முடிவை எண்ணிப் பார்க்குமாறு திருமறையும் நம்மைப் பல இடங்களில் பணிக்கிறது. அந்தப் பணிப்பு ஆது, ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த இடங்களோடு முடிந்துவிடுவதன்று. வானளாவிய பெருமையோடு எழுந்து, 33 ஆண்டுகளே வாழ்ந்து, பின்னர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட ஓர் அங்காடிக்கும் அது பொருந்தும். அந்த அங்காடி நின்ற இடத்திற்கே உங்களை இப்போது அழைத்துச் செல்கிறேன்.

ஊரும் வழியும்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி என்னும் பெரும் ஏரியின் தென்கரையில் கிளீவ்லாந்து நகரம் அமைந்துள்ளது. எஃகு ஆலைகளால் செழித்த நகரம் அது. அதன் நடுவில் உள்ள பொதுச் சதுக்கத்தில் நீங்கள் நின்றால், ஒரு காலத்தில் அந்நகர மக்கள் பெருநாள் உடுப்பு வாங்கச் செல்வது போலப் புத்தாடை அணிந்து சென்ற ஹிக்பீஸ், மே கம்பெனி என்னும் இரு பெருங்கடைகளின் கட்டடங்களைக் காணலாம். ஹிக்பீஸ் கட்டடத்தில் இன்று இயங்குவது துணிக்கடையன்று. 2012ஆம் ஆண்டு முதல் அது ஒரு சூதாட்ட விடுதி!

அங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 10 மைல் சென்றால் நார்த் ரேண்டல் என்னும் சிற்றூர் வருகிறது. அதன் பரப்பு ஒரு சதுர மைலுக்கும் குறைவு. மக்கள்தொகையோ ஏறத்தாழ ஆயிரம்தான். நம் ஊர்களில் ஒரு மஹல்லாவில் இதனினும் அதிகமானோர் வசிப்பர். இச்சிற்றூருக்குப் பெயர் வாங்கித் தந்தது குதிரைப் பந்தயம். ரேண்டல் பார்க், திசில்டவுன் என இரண்டு பந்தயத் திடல்கள் இங்கு இருந்தன. அவற்றுள் ரேண்டல் பார்க் திடல் மறைந்தபின், அந்த நிலத்தில்தான் நாம் காணவந்த அங்காடி எழுந்தது.

ஓர் அகதியின் கனவு

நகரை விட்டு விலகி, வயல்வெளியின் நடுவே, கூரைக்குள் ஒரு கடைத்தெருவை அமைக்கும் எண்ணம் எவருக்குத் தோன்றியது என்று நீங்கள் கேட்கலாம். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1903ஆம் ஆண்டு பிறந்த விக்டர் குரூயன் என்னும் கட்டடக் கலைஞரை இதற்குத் தந்தை என்பர். யூதரான அவர், 1938ஆம் ஆண்டு நாஜிகள் தம் நாட்டைப் பிடித்தபோது அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். மினசோட்டா மாநிலத்தின் எடைனா என்னும் புறநகரில் அவர் வரைந்த சவுத்டேல் அங்காடி 1956ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பட்டது. 2 கோடி டாலர் செலவில், 72 கடைகளோடு, முழுவதும் மூடப்பட்டு, வெளியே பனி கொட்டினாலும் உள்ளே இளவேனில் நிலவும் வண்ணம் அது அமைந்தது.

குரூயன் கண்ட கனவு வெறும் கடைகள் அல்ல. காரில் அடைபட்டுக் கிடந்த புறநகர் மக்களுக்கு, தம் வியன்னாவில் இருந்ததைப் போன்று நடந்து சென்று பேசிக் களிக்கும் ஒரு நகர முற்றத்தை அளிக்க அவர் விரும்பினார். அங்காடியைச் சுற்றி வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பூங்கா அனைத்தும் அமைய வேண்டும் என்பது அவருடைய திட்டம். அவரைப் பின்பற்றியோர் கடைகளை மட்டும் எடுத்துக்கொண்டனர். மற்றவற்றைக் கைவிட்டு, சுற்றிலும் கார் நிறுத்தும் தார்த்தரையைப் பரப்பினர். 1968ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய குரூயன், தம் பெயரால் எழுந்த இந்த அங்காடிகளைத் தம் பிள்ளைகள் அல்ல என்று வெளிப்படையாகவே மறுத்துப் பேசினார். 1976ஆம் ஆண்டு அதே போன்ற ஓர் அங்காடி வியன்னாவின் புறத்தேயே திறக்கப்பட்டதையும் கண்ட பின்னரே, 1980இல் அவர் மறைந்தார்.

அரசு அமைத்த பாதை

இவ்வங்காடிகள் மக்களின் விருப்பத்தால் மட்டும் முளைத்தவை அல்ல என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1954ஆம் ஆண்டு அமெரிக்க அரசு வரிச்சட்டத்தை மாற்றியது. புதிய கட்டடத்தின் செலவில் பெரும்பகுதியை முதல் சில ஆண்டுகளிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள அச்சட்டம் இடமளித்தது. பழைய கடைத்தெருவைச் செப்பனிடுவதைக் காட்டிலும் புதிய இடத்தில் புதிதாய்க் கட்டுவதே முதலாளிக்கு ஆதாயம் என்றாயிற்று. 1956ஆம் ஆண்டு 41,000 மைல் நெடுஞ்சாலைத் திட்டம் வந்தது. செலவில் 90 விழுக்காட்டை நடுவண் அரசே ஏற்றது. அரசின் பிணையுடன் வீட்டுக்கடன் பெற்ற வெள்ளையர் குடும்பங்கள் அந்தச் சாலைகளின் வழியே புறநகர்களை நோக்கிப் பெயர்ந்தன. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கோ அந்தப் பிணை மறுக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டில் 9,14,808 பேர் வாழ்ந்த கிளீவ்லாந்து நகரில் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி எஞ்சியோர் 3,72,624 பேர் மட்டுமே!

1976: கோலாகலமான திறப்பு

இந்தப் பெயர்ச்சியைக் கூர்ந்து கவனித்தவர்களுள் ஒருவர் எட்வர்ட் டிபார்ட்டலோ. ஒஹையோவின் யங்ஸ்டவுன் நகரைச் சேர்ந்த இவர், இத்தாலியக் குடியேறிகளின் வழிவந்தவர். அந்நாட்டில் மிக அதிகமான அங்காடிகளைக் கட்டியவர்களுள் ஒருவராக உயர்ந்தார். நார்த் ரேண்டலின் திசில்டவுன் பந்தயத் திடலும் அவர் கைவசம் இருந்தது. அதனருகே 1976ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவர் திறந்ததுதான் ரேண்டல் பார்க் அங்காடி.

அதன் பரப்பு ஏறத்தாழ 22 லட்சம் சதுர அடி. அதாவது, விரித்து வைத்தால் 50 ஏக்கர். சியர்ஸ், ஜே.சி. பென்னி, ஹிக்பீஸ், மே கம்பெனி, ஹார்ன்ஸ் என்னும் ஐந்து பெருங்கடைகள் அதன் மூலைகளைத் தாங்கின. அவற்றின் இடையே 200க்கும் மேற்பட்ட சிறுகடைகள் அணிவகுத்தன. உலகிலேயே மிகப் பெரிய அங்காடி எனப் பறைசாற்றப்பட்டது. ஆயிரம் பேர் வாழும் ஊரில் உலகின் மிகப் பெரிய அங்காடி! ஒஹையோவில் ஊராட்சிகள் தம் எல்லைக்குள் வேலை செய்வோரின் ஊதியத்தின் மீது வரி விதிக்கலாம். ஆகவே, வெளியூரிலிருந்து வந்து உழைத்தோரின் வரியால் அச்சிற்றூரின் கருவூலம் நிரம்பியது. ஊரின் வாழ்வு முழுவதும் அந்த ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தது.

ஒளி மங்கிய விதம்

அங்காடியின் உள்ளமைப்பை நீங்கள் சற்றே புரிந்துகொண்டால் அதன் வீழ்ச்சி எளிதில் விளங்கும். மூலைகளில் நிற்கும் பெருங்கடைகளை நங்கூரக் கடைகள் என்பர். கூட்டத்தை ஈர்ப்பவை அவையே என்பதால் அவற்றுக்கு மிகக் குறைந்த வாடகை. சில வேளைகளில் கட்டடமே அவற்றின் உடைமை. அங்காடியின் வருவாயைச் சுமப்பவர்கள் இடையில் உள்ள சிறுகடைக்காரர்கள். அவர்களோ, நங்கூரக் கடை மூடப்பட்டால் வாடகையைக் குறைக்கவும் இடத்தைக் காலி செய்யவும் தமக்கு உரிமை உண்டு என ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். ஒரு நங்கூரம் அறுந்தால் கப்பல் முழுவதும் தத்தளிப்பது இதனால்தான்.

ரேண்டல் பார்க் திறந்து இரண்டே ஆண்டுகளில், 1978இல், சற்று வடக்கே செல்வர்கள் வாழும் பகுதியில் பீச்வுட் பிளேஸ் என்னும் அங்காடி எழுந்தது. வசதி படைத்தோர் அங்கே திரும்பினர். மக்கள்தொகை பெருகாத வட்டாரத்தில் அங்காடிகள் மட்டும் பெருகின. இதற்கிடையில், 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்திற்குப் பின், கறுப்பினக் குடும்பங்கள் தென்கிழக்குப் புறநகர்களில் வீடு வாங்கிக் குடியேறின. அவர்கள் வரவர, வெள்ளையர் மேலும் தொலைவிற்கு விலகிச் சென்றனர். அவர்களைத் தொடர்ந்து முதலீடும் விலகியது. மனிதரை நிறத்தால் பிரித்துப் பார்க்கும் நோய், ஒரு சமூகத்தின் கடைத்தெருவைக்கூட விட்டுவைப்பதில்லை. அரபியருக்கும் அரபியரல்லாதோருக்கும், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இறையச்சத்தாலன்றி வேற்றுமை இல்லை என்று அறிவித்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இறுதிப் பேருரை எத்துணைப் பெரிய பொருளாதாரப் பாடமும் ஆகும் என்பதை இங்கு எண்ணிப் பாருங்கள்!

பெருங்கடைகளும் ஒன்றையொன்று விழுங்கின. ஹிக்பீஸ் டில்லார்ட்ஸ் ஆயிற்று. மே கம்பெனி காஃப்மன்ஸ் ஆகிப் பின்னர் மேசீஸ் ஆயிற்று. 2001இல் ஜே.சி. பென்னி வெளியேறியது. 2002இல் டில்லார்ட்ஸ் மூடப்பட்டது. 2008இல் மேசீஸ் அகன்றது. 2009ஆம் ஆண்டு சியர்ஸும் கதவடைக்க, அங்காடி மூடப்பட்டது. ஐந்தாண்டுகள் அது பாழாய்க் கிடந்தது. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் அதனை இடிக்கும் பணி தொடங்கிற்று.

இணையம்தான் காரணமா?

வீட்டிலிருந்தே பொருள் வாங்கும் பழக்கம் அங்காடிகளைக் கொன்றது என்பது இன்று எங்கும் கேட்கும் பேச்சு. அது முழு உண்மையன்று. ஜே.சி. பென்னி வெளியேறிய 2001ஆம் ஆண்டில், அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் இணையத்தின் பங்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். அங்காடி மூடப்பட்ட 2009இல்கூட ஏறத்தாழ நான்கு விழுக்காடு. நோயாளி படுத்த படுக்கையான பின்னரே அந்தப் புயல் வந்து கதவைத் தட்டியது.

அளவுக்கு மீறிக் கட்டியதே முதல் நோய். வட்டிக்கடனில் கட்டியது இரண்டாம் நோய். வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வாடகையை உயர்த்தவேண்டும். வாடகை உயர்ந்தால் சிறுவணிகர் ஓடிவிடுவர். கடை காலியானால் கடனை அடைக்க மீண்டும் கடன் வாங்கவேண்டும். அமெரிக்காவின் இரண்டாவது பெரிய அங்காடி நிறுவனமான ஜெனரல் குரோத் பிராப்பர்ட்டீஸ், ஏறத்தாழ 2,700 கோடி டாலர் கடன் சுமையோடு 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் திவாலுக்கு மனுக் கொடுத்தது. அதே காலத்தில் கிளீவ்லாந்தின் தென்கிழக்குப் பகுதிகளில், திருப்பிச் செலுத்த இயலாதோருக்கும் ஏறுவட்டிக்கு விற்கப்பட்ட வீட்டுக்கடன்களால் தெருத் தெருவாக வீடுகள் பறிமுதலாயின. நாடே அதிர்ந்த அந்த நெருக்கடியில் மிகக் கடுமையாக அடிபட்ட ஊர்களுள் கிளீவ்லாந்தும் ஒன்று. அங்காடிக்கு வந்து பொருள் வாங்கவேண்டிய கைகளிலிருந்து வீட்டின் சாவியே பறிபோயிற்று. வட்டியை இறைவன் அழிப்பான், தர்மங்களை வளர்ப்பான் என்னும் திருமறைக் கருத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை வேண்டுமோ?

இடிபாட்டின் மேல் எழுந்தது

இன்று அவ்விடத்திற்கு நீங்கள் சென்றால் என்ன காண்பீர்கள்? ஏறத்தாழ 8½ லட்சம் சதுர அடியில் ஒரு பெருங்கட்டடம் நிற்கிறது. அதற்குக் கண்ணாடிக் காட்சிப்பேழைகள் இல்லை. நுழைந்து பார்க்க வாடிக்கையாளர்க்கு வாசலும் இல்லை. அமேசான் நிறுவனத்தின் கிடங்கு அது. 2018ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதே 2018ஆம் ஆண்டு அக்டோபரில் சியர்ஸ் நிறுவனம் திவாலுக்கு மனுக் கொடுத்தது. இதில் ஒரு விந்தை உண்டு. சியர்ஸ் புகழ்பெற்றதே அஞ்சல்வழி வணிகத்தால்தான். தடித்த விலைப்பட்டியல் நூலை வீடுதோறும் அனுப்பி, கேட்ட பொருளை வாசலுக்கே சேர்த்த நிறுவனம் அது. அந்தப் பட்டியலை 1993ஆம் ஆண்டு அது நிறுத்தியது. அமேசான் தோன்றியது 1994இல்!

நார்த் ரேண்டல் மட்டும் இப்படி மாறவில்லை. ஏரிக்கரையில் உள்ள யூக்ளிட் ஊரில் 1977இல் எழுந்த யூக்ளிட் ஸ்குயர் அங்காடி, கடைகள் ஓடிய பின் ஒரு விசித்திர வாழ்வு வாழ்ந்தது. இரண்டு டசன் கிறிஸ்தவ சபைகள் அதன் காலிக் கடைகளை வாடகைக்கு எடுத்து வழிபாடு நடத்தின. காலணி விற்ற இடத்தில் பிரார்த்தனை ஒலித்தது. 2016இல் அதுவும் மூடப்பட்டு, இடிக்கப்பட்டு, அமேசான் கிடங்காயிற்று. அக்ரன் நகரின் ரோலிங் ஏக்கர்ஸ் அங்காடிக்கும் அதே முடிவு. ஆயிரக்கணக்கானோர் இக்கிடங்குகளில் வேலை பெற்றுள்ளனர். அதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும், மக்கள் கூடிய இடம் பெட்டிகள் கூடும் இடமாயிற்று என்பது மெய்.

அங்காடி போயிற்று, ஆனால், அருகில் திசில்டவுன் பந்தயத் திடல் அழியவில்லை. 2013ஆம் ஆண்டு முதல் அங்கே சூதாட்ட எந்திரங்களும் நிறுவப்பட்டுள்ளன. நல்ல வணிகம் விலகிய இடத்தில் சூது வந்து அமர்ந்துகொண்டது. கிளீவ்லாந்தின் நடுச் சதுக்கத்தில் ஹிக்பீஸ் கட்டடத்தில் கண்டதும் இதுவேயன்றோ!

ஆறுதலான காட்சி ஒன்றும் உண்டு. 1937ஆம் ஆண்டு வலீ அக்ரம் என்னும் கறுப்பின முஸ்லிம் தலைவர் கிளீவ்லாந்தில் நிறுவிய ஃபர்ஸ்ட் கிளீவ்லாந்து மஸ்ஜித் அந்நகரில் உள்ளது. பிறர் கையை எதிர்பாராமல், தம் தொழிலிலும் தம் வணிகத்திலும் நின்று முஸ்லிம்கள் உயரவேண்டும் என்று திட்டம் வகுத்துத் தந்தவர் அவர். கோடிகளைக் கொட்டிய மாளிகை மண்ணாயிற்று. எளியோர் காசு சேர்த்துத் தொடங்கிய ஜமாஅத் தலைமுறைகளைக் கடந்து வந்துள்ளது.

560 ஆண்டு கடந்த கடைத்தெரு

கூரையிட்ட அங்காடி என்பதே நிலைக்காத ஒன்று என நீங்கள் கருதிவிட வேண்டாம். இஸ்தான்புல் நகருக்குச் சென்று பாருங்கள். சுல்தான் முஹம்மது அல்பாத்திஹ் அவர்கள் 1450களில் தொடங்கிவைத்த கபாலி சார்ஷி என்னும் மூடிய கடைத்தெரு இன்றும் மக்கள் வெள்ளத்தில் மிதக்கிறது. 60க்கும் மேற்பட்ட தெருக்கள், ஏறத்தாழ 4000 கடைகள். எத்தனையோ தீவிபத்துகள்; 1894ஆம் ஆண்டில் கடும் நிலநடுக்கம். ஒவ்வொரு முறையும் அது மீண்டும் எழுந்து நின்றது.

அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அது ஊரை விட்டு விலகி நிற்கவில்லை. ஊரின் நடுவில், பள்ளிவாசல்களையும் குளியலகங்களையும் பட்டறைகளையும் ஒட்டி, நடந்தே செல்லும் தொலைவில் நிற்கிறது. ஐந்து பெருங்கடைகளை அது நம்பவில்லை. பல்லாயிரம் சிறுவணிகர் அதன் தூண்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தொடக்கத்தில் அதன் வாடகை ஹாகியா சோஃபியா பள்ளிவாசலின் வக்ஃபுக்கு எழுதிவைக்கப்பட்டிருந்தது. விரைவில் கட்டி, விரைவில் தேய்மானம் கழித்து, விற்றுவிட்டு அகலும் பொருளாக அது கருதப்படவில்லை. தலைமுறைகளுக்கு உரிய அமானிதமாகக் கருதப்பட்டது.

மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் முஸ்லிம்களுக்கென ஒரு சந்தையை அமைத்ததையும் வரலாறு நமக்குச் சொல்கிறது. அங்கே எவருக்கும் நிலையான இடம் ஒதுக்கப்படவில்லை, வரியும் சுமத்தப்படவில்லை, முதலில் வந்தவர் முதலில் அமர்ந்து வணிகம் செய்தார். எளியவனும் ஒரு கூடைப் பேரீச்சம்பழத்தோடு வந்து வணிகனாகும் வாய்ப்பு அங்கே இருந்தது.

நாம் சிந்திக்க வேண்டியவை

வளைகுடா நாடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு அங்காடி புதியதன்று. தமிழகத்து நகரங்களிலும் புறவழிச்சாலைகளிலும் அவை எழுந்துள்ளன. வெயிலுக்கு ஒதுங்க, பிள்ளைகளை அழைத்துச் செல்ல, பெண்கள் அச்சமின்றி நடக்க அவை உதவுகின்றன. அந்த நன்மையை மறுக்கவேண்டியதில்லை. ஆயினும், பூமியில் இறைவனுக்கு மிக உவப்பான இடங்கள் பள்ளிவாசல்கள். மிக வெறுப்பானவை கடைத்தெருக்கள் என்னும் கருத்தில் அமைந்த ஹதீஸை (முஸ்லிம்) நாம் அறிவோம். வணிகராக வாழ்ந்த பெருமானார் (ஸல்) அவர்கள் வணிகத்தை வெறுக்கவில்லை. கடைத்தெருவே வாழ்க்கையாகிவிடுவதை எச்சரித்தார்கள். தேவைக்காகக் கடைக்குச் செல்வது வேறு. பொழுதைக் கழிக்கச் சென்று தேவையைத் தேடிக்கொள்வது வேறு.

நம் ஊர்ப் பள்ளிவாசல்களை ஒட்டி வக்ஃபுக் கடைகள் பல உள்ளன. அவற்றின் வாடகையில்தான் எத்தனையோ இடங்களில் இமாமின் ஊதியமும் மதரஸாவின் விளக்கும் நடைபெறுகின்றன. அக்கடைகளைச் செப்பனிட்டு, நேர்மையான வாடகைக்கு விட்டு, கணக்கைத் துலக்கமாக வைப்பது நம் நிர்வாகிகளின் கடமை. தெருமுனையில் நம்மவரோ பிறரோ நடத்தும் சிறுகடையை வாழவைப்பது நம் இல்லத்தரசிகளின் கையில் உள்ளது. மாத இறுதியில் கடன் சொல்லி அரிசி தரும் அந்தக் கடைக்காரர், நோயுற்றால் வீடு தேடி வரும் அண்டை வீட்டாரும் ஆவார். எந்தக் கிடங்கும் அவ்வாறு நலம் விசாரிக்க வருவதில்லை.

வல்ல இறைவன் நம் வணிகத்தில் வட்டியின் நிழலை அகற்றி, பரக்கத்தை அருள்வானாக! ஆமீன்.